மகனே, என் மூக்கை நம்பாதே

தயா, நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கையால் செய்ததைச் சாப்பிடுகிற எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு வேண்டுதலோடு ஆரம்பிக்கிறேன், வேறு விசாரிப்பு எதுவும் இப்போது என் வாயில் வரவில்லை. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ரூத் டீச்சர் எழுதுகிறார். என் பேச்சை அவர் எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறார். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். அதே கையோடு நம் சபைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்புவார். அப்பன் மகனுக்குச் சொல்வதை ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று நீ கோபப்படுவாய். படு. நம் வீட்டு அலமாரியில் இருந்த பன்னிரண்டு வெனிலா பாட்டிலில் ஒன்றை நீ எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்திருக்கிறாய். யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாய். அந்த யாரோ ஒருவர் இதைப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது படிக்கக் கேட்க வேண்டும். அதில் இருப்பது ஆளைக் கொல்லும் சரக்காக இருக்கலாம்.

மீதிப் பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன. அலமாரியைப் பூட்டிச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை நீ இங்கே குடிபாலாவுக்கு வந்தால் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. திங்கட்கிழமை போனில் நாலு முறை வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். நான் பாதியைச் சொல்லி மீதியை முழுங்கினேன். அந்த மீதியைத்தான் இப்போது சொல்ல வருகிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், பொறுத்துக்கொள்.

ஸ்ரீ சிட்டிப் பக்கத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திருப்பதியில் வாடகை வீட்டில் நீ கேக் சுட ஆரம்பித்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தூரில் உன் மாமியார்தான் சொன்னார். "இஞ்சினீருன்னு சொல்லிக் கட்டிக்கினாரு, இப்ப மாப்பிள்ள மாவு பெசஞ்சிக்கினு கீறாரு" என்று போகிற கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். அது உன்னை எவ்வளவு குத்தியது என்று எனக்குத் தெரியும். கடையில் விற்கிற எசன்ஸை ஊற்றினால் பத்தோடு பதினொன்றாகிவிடும், நிஜ வெனிலாவில் செய்தால் என் கேக் தனியாகத் தெரியும் என்று சொல்லி, குடகிலிருந்து காய்களை வரவழைத்தாய். ஒரு சாண் நீளம், பென்சிலைவிட ஒல்லி, எண்ணெய் பூசினாற்போலக் கருப்பு. கட்டைப் பிரித்ததும் வீடு முழுக்க மணந்தது. நுனி இரண்டையும் விட்டு நடுவில் நீளமாகக் கீறி, உள்ளே மணல் மாதிரி இருக்கிற விதை தெரியும்படி விரித்து, கண்ணாடி பாட்டிலில் நிறுத்தி, காய் முழுகும்வரை சாராயம் ஊற்றி மூட வேண்டும் என்றாய். வெயில் படக்கூடாது, வாரத்துக்கு ஒருமுறை குலுக்க வேண்டும், இரண்டு மாதத்தில் டீத்தண்ணி நிறம் வரும், ஆறு மாதத்தில் வெல்லப்பாகு நிறம் வரும் என்றாய். உன் வாடகை வீட்டில் வெயில் படாத மூலை இல்லை. என் வீட்டு மர அலமாரி இருக்கிறதே என்று நானே சொன்னேன்.

இதற்கு வோட்கா என்று நிறமில்லாத சரக்கு ஒன்று வேண்டும், கடையில் சீல் வைத்து விற்பதே போதும் என்று நீ போனில் பார்த்துச் சொன்னாய். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன்.

"ஒயின் ஷாப்பு வாசல்ல எம்புள்ள போயி நிப்பானா? நம்ம சபை மதுவிலக்குச் சங்கத் தலைவரு புள்ள?"

"குடிக்கவா கேக்கறேன் நைனா? கேக்குக்கு. ஸ்பூன் கணக்கு."

"ஸ்பூனோ அண்டாவோ. நீ அங்க நின்னத எவனாவது பாத்துட்டு எங்கிட்ட வந்து சொன்னான்னா, அன்னியோட நான் சோத்துல கை வெக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவன் நான் என்று உனக்குத் தெரியும். அதனால் நீ கடைக்குப் போகவில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம் முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கம்பெனிகளில் கழித்த கேன்களை வாங்கி விற்கிறவன் அவன். வெள்ளைக் கேன் ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் வைத்தான். பக்கவாட்டில் லேபிள் இருக்கிற இடத்தில் பிரவுன் டேப்பைச் சுற்றி ஒட்டியிருந்தான். ஓமியோபதி டாக்டர்கள் வாங்குகிற மருந்து ஸ்பிரிட் என்றான். பாட்டுக்குழுக்காரர்கள் இரண்டு பேர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினாய்.

"நைனா, நீ சொன்னாத்தான் ஊத்துவேன்."

"பெருசு மூக்கு லேபுக்கே அப்பன்" என்றான் முனிரத்தினம். "கோயில் படிக்கட்டுல நின்னுக்கினே எவன் ஊட்ல கருவாடுன்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு தடவை மோந்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்தேன். ஜில்லென்று ஏறி, பிசுக்கில்லாமல் காய்ந்தது. "கலப்பு இல்ல. சுத்தம். ஊத்து" என்றேன். நீ ஊற்றினாய்.

தயா, அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், நான் சொல்வது பொய் என்று. ஸ்பிரிட் கெட்டது என்று எனக்குத் தெரியாது. நல்லதா கெட்டதா என்பதை எந்த மூக்காலும் சொல்ல முடியாது, அது தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை உன் அம்மா சாகும்வரை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

உன் சின்ன நைனா, என் தம்பி யேசுபாதம், சாராயக் கடையே கதி என்று கிடந்து குடித்துச் செத்தான் என்று கேட்டு வளர்ந்தவன் நீ. அவன் சாராயக் கடைக்குப் போனவன் இல்லை. நானும் அவனும் திருப்பதியில் ஒரு மரப்பட்டறையில் பாலிஷ் வேலை செய்தோம். லாட்ஜுகளுக்குக் கதவு, கட்டில், பீரோ. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு மரத்தில் ஓட்டுகிற வேலை. எனக்கு எழுத்து தெரியாது, எந்தக் கேனில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்தாலும் மண்ணெண்ணெய் பட்டிருந்தாலும் மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவேன். எந்த லாட்ஜில் எந்த அறைக் கதவுக்கு எத்தனை கோட் அடித்தோம் என்று வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வேன். படித்த முதலாளி, கேன் வந்தால் லேபிளைப் பார்க்க மாட்டார், என்னைக் கூப்பிடுவார். படிக்காதவனுக்கு அது எவ்வளவு பெரிய போதை என்று உனக்குத் தெரியாது.

ஒரு வெயில் காலத்தில் வழக்கமாகக் கொண்டுவருகிறவன் வரவில்லை. வேறு எங்கிருந்தோ ஒரு கேன் வந்தது. மோந்தேன், நன்றாகத்தான் இருந்தது, பாலிஷும் நன்றாகத்தான் ஏறியது. மத்தியானம் வேலை முடிந்ததும் யேசுபாதம் ஒரு டம்ளரில் அதைக் கொஞ்சம் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை போட்டான். பாலிஷ்காரர்களில் சிலர் அப்போது அப்படிச் செய்வதுண்டு, அவனும் எப்போதாவது செய்வான்.

"ண்ணா, இது எப்பிடி?"

"மோந்துட்டேன்டா. நல்லாத்தான் கீது. கொஞ்சமா ஊத்திக்க."

எனக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை, அதனால் குடிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. அவன் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடினான். மறுநாள் காலையில் எழுந்து இட்லி தின்றுவிட்டு என்னோடு வேலைக்கு வந்தான். தலை கனக்கிறது என்றான், அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல் ஏணியில் நின்றிருந்தவன் இறங்கி உட்கார்ந்தான்.

"இன்னாண்ணா இது, இந்த வெயில்ல பனி மூடிக்கினு வருது?"

வேலை செய்ய உடம்பு வணங்காமல் கதை விடுகிறான் என்று நினைத்தேன். "எழுந்திருடா சோம்பேறி" என்று கையிலிருந்த துணிப்பந்தை அவன்மேல் எறிந்தேன். பிடிக்கக் கையை நீட்டினான். பந்து அவன் மார்பில் பட்டு விழுந்தது, கை வேறெங்கோ போய் வெறும் காற்றைப் பிடித்தது. அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தெலுங்கில் கேட்டார், என்ன குடித்தான் என்று. சொன்னேன். நல்ல சரக்குதான், நான்தான் மோந்து பார்த்தேன் என்று அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. இதில் இரண்டு ஜாதி ஸ்பிரிட் உண்டு, ஒன்று போதை தருவது, இன்னொன்று கண்ணைப் பறித்து ஆளைக் கொல்வது, இரண்டுக்கும் நிறம் ஒன்று, வாசனையும் ஏறக்குறைய ஒன்று, மோந்து பார்த்துச் சொல்ல எங்களாலேயே முடியாது என்றார். குடித்த உடனே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் யேசுபாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைட்டப் போடுண்ணா" என்றான். ஜன்னல் வெயில் அவன் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் போய்விட்டான்.

ஊருக்கு எடுத்து வந்தோம். அம்மா என் சட்டையைப் பிடித்து, "எப்பிடிடா? இன்னாடா ஆச்சு எம்புள்ளைக்கு?" என்று உலுக்கினாள். "சாராயக் கடையில குடிச்சிட்டாம்மா" என்றேன். அந்த ஒரு வரிதான். அடுத்த ஞாயிறு சபைப் போதகர் ஐயர் என்னை முன்னால் நிறுத்தி, தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவன் சாட்சி சொல்கிறான் என்றார். சொன்னேன். இனி என் வீட்டுக்குள் மது வராது என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன். சபை எழுந்து நின்றது. என் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, அது பொய் இல்லை. அதை வைத்தே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நல்ல காரியத்துக்கு உதவுகிற பொய் கொஞ்சம் கொஞ்சமாக மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். அது ஆகாது மகனே. அந்தப் பொய்யிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் உன்னைச் சீல் வைத்த பாட்டில் வாங்க விடாமல் முனிரத்தினத்தின் கேனுக்குத் தள்ளியது. ஊர் பார்த்து வியக்கிற கட்டுப்பாடு உன் வீட்டிலும் ஏதாவது இருந்தால், அது எதை மறைக்க வந்தது என்று உன் பிள்ளைகள் கேட்பதற்கு முன்னால் நீயே கேட்டுக்கொள்.

இவ்வளவும் தெரிந்தவன் ஈஸ்டருக்குப் பிறகு ஏன் "ஊத்து" என்றேன் என்று கேட்பாய். நீ பெரியவனான பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை. வேலை, வீடு, பெண், எல்லாவற்றையும் போனைக் கேட்டு முடிவு செய்தாய். அன்றைக்குத்தான் என் முன்னால் குனிந்து நின்று, நீ சொன்னால்தான் என்றாய். மோந்து பார்த்துச் சொல்ல முடியாதுடா என்று சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாய். அதற்குப் பதில் சொல்லத் தைரியமில்லை. அந்த மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து பாட்டில்களைக் குலுக்கினேன். நிறம் ஏறிக்கொண்டே வந்தது. அழகாக இருந்தது. அதற்குமேல் பார்க்காமல் அலமாரியை மூடிவிடுவேன்.

போன திங்கட்கிழமை கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கேன் வேண்டும் என்று டீச்சர் வந்தார். காலிக் கேனை எடுத்துக் கொடுத்தேன். டேப்பின் ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. அவர் அதை உரித்தார். உரித்தவர் நிமிரவில்லை. "அண்ணா, இதுல மண்டையோடு போட்டிருக்குது. தொழிற்சாலைக்கு மட்டும், மனுசங்க உபயோகத்துக்கு இல்லன்னு எழுதியிருக்குது. இதுல இன்னா வெச்சிருந்தீங்க?" என்றார். எந்த ஸ்பிரிட் என்கிற இடத்தை யாரோ ஆணியால் சுரண்டியிருந்தார்களாம்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்தாய்.

"எல்லாக் கேன்லயும் அப்பிடித்தான் போட்டிருப்பான் நைனா, சட்டத்துக்காவ. நீதான மோந்து பாத்து சுத்தம்னு சொன்ன? உன் மூக்க உட்டுட்டு லேபிள நம்பச் சொல்றியா?"

"அந்த ஒரு பாட்டில் எங்கடா?"

"அது போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. குடுத்தத திருப்பிக் கேட்டா என் மானம் போயிடும். ஊட்ல கிருபாகிட்ட எதனா சொல்லி பயமுறுத்தாத. சனிக்கெழம வரேன், டெஸ்ட்டு கிஸ்ட்டு இன்னா வேணுமோ அப்ப பாத்துக்கலாம்."

அதற்கப்புறம் நீ போனை எடுக்கவில்லை. அடுப்பில் வைத்தால் ஆவியாகிவிடும் என்றும் அன்றைக்கே சொன்னாய். கேக்குக்குள் போனது போகலாம். மேலே தடவுகிற கிரீமை யார் அடுப்பில் வைக்கிறார்கள்? பாட்டில் அப்படியே ஒருவர் கையில் இருந்தால் அதை அவர் எதில் ஊற்றுவார் என்று உனக்குத் தெரியுமா? நல்ல சரக்காகவே இருக்கலாம். தெரியாது. எனக்குத் தெரியாது தயா. அன்றைக்கு வாசலில் நாலு பேர் நடுவில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று காலையில் நான் சித்தூரில் ஒயின் ஷாப்புக்குப் போனேன். நீ யாரிடமாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தடியை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவன், "தாத்தா, இந்த வயசுல புச்சா கத்துக்கறியா?" என்றான். "ஆமாண்டா, நீ வுட்டுட்டா உன் எடத்துக்கு ஆள் வேணுமில்ல" என்றேன். ரோட்டில் போன நம் சபை மூப்பர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, என்னைப் பார்த்து, பார்க்காததுபோல் போனார். கடைக்காரனிடம் வோட்கா கேட்டு வாங்கி, சீல் உடையாமல் இருப்பதைத் தடவிப் பார்த்து, லேபிளை மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொன்னேன். மூன்று பேரும் ஒன்றைத்தான் படித்தார்கள். அது இங்கே மேசைமேல் இருக்கிறது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்த காய்க் கட்டு ஒன்று மிச்சம் இருக்கிறதே, அதைக் கீறி இதில் போடு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆகாது, அடுத்த ஈஸ்டருக்கு ஆகும். கேக் இந்த வருஷம் எல்லோர் கேக்கையும் போல இருந்துவிட்டுப் போகட்டும். இனி நான் சொன்னேன் என்று எதையும் செய்யாதே. எழுதியிருப்பதைப் படி, அதற்குமேல் சந்தேகம் இருந்தால் தெரிந்தவனிடம் காட்டிக் கேள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னால் வேறொருவனைத் தேடு.

இதுவரை எழுதிவிட்டு டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பிக்கு கண்ணு போன கதைய திங்கக்கெழமையே எங்கிட்ட சொல்லியிருக்கணும் அண்ணா. தயா வாயத் தெறப்பான்னு இனிமே உக்காந்துக்கினு இருக்க முடியாது" என்று சொல்லி, அவரே கிருபாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். என்ன பேசினோம் என்பதை இப்போது எழுதச் சொல்கிறேன்.

"வெனிலா பாட்டிலா? எங்கம்மா ஊட்ல கீது டீச்சர்" என்றாள் உன் பெண்டாட்டி. "அவருதான் போன வாரம் புத்தூருக்குப் போயி குடுத்துட்டு வந்தாரு. அம்மா அப்பிடியே மாறிட்டாங்க. எம் மாப்பிள்ள செஞ்சதுன்னு தெருவுக்கே காட்றாங்க. தெனமும் சாயங்காலம் ஆறுன பால்ல ரெண்டு ஸ்பூன் ஊத்திக் குடிக்கறாங்க. ஐஸ்கிரீம் வாசனையாம்."

"அம்மா எப்பிடிம்மா கீறாங்க?" என்று நான் கேட்டேன்.

"நல்லாத்தான் கீறாங்க மாமா. நேத்துலேருந்து தலவலி, வாந்தி வராப்ல கீதுன்னாங்க. கண்ணாடி பவரு மாறிடுச்சு போல, டிவியில எல்லாம் வெள்ளையா மூடுன மாதிரி தெரியுதாம். திங்கக்கெழம கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கினு போறேன்."

டீச்சர் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அவள் கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லையாம், அலறிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். புத்தூரில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, அம்மாவையும் அந்தப் பாட்டிலையும் இப்போதே ஆம்புலன்ஸில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். நானும் சித்தூர் போய்ப் புத்தூர் பஸ் பிடிக்கிறேன். நீ திருப்பதியிலிருந்து நேராகப் புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. பாட்டிலைக் கழுவாமல், கொட்டாமல், மூடியோடு டாக்டர் கையில் கொடு. வெனிலா என்று சொல்லாதே, ஸ்பிரிட் என்று சொல். எத்தனை நாள், எத்தனை ஸ்பூன் என்று கூட்டாமல் குறைக்காமல் சொல். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல். இன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும் அந்தக் கண்கள் இருக்காது. போனை எடு, தயா.